போட்டோ ஃபிரேம் போடத் தாளிலிருந்து தொடங்குங்கள்

கணினியில் நாலு பக்கமும் ஒரே அகலமாக இருந்த தங்கக் கோடு, கடையில் கழுவி வந்த படத்தில் இடப்பக்கம் தடித்தும் வலப்பக்கம் மயிரிழையாகவும் நிற்கும். சில படங்களில் மேல்கோடே காணாமல் போயிருக்கும். கடைக்காரரோடு மல்லுக்கு நின்று பயனில்லை. வெள்ளை ஓரம் விடாமல் அச்சடிக்கும் இயந்திரம் படத்தைத் தாளைவிடச் சற்றுப் பெரிதாக்கித்தான் அடிக்கும். பக்கத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் தாளுக்கு வெளியே போய்விடும். பிறகு மரச்சட்டத்தில் போடும்போது சட்டத்தின் உள்விளிம்பு இன்னும் 5, 6 மில்லிமீட்டரை மூடும். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட பூவேலை அந்த இருட்டுக்குள் போய்விடும்.

ஆகவே எந்த மென்பொருளாக இருந்தாலும் ஃபிரேமைப் படத்தின் ஓரத்திலிருந்து வெளியே வளர்க்காதீர்கள். தாளின் அளவை முதலில் எழுதிக்கொண்டு அதிலிருந்து உள்ளே வாருங்கள். கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளில் ‘ஃபில்டர்ஸ்’, ‘டெக்கோர்’, ‘ஆட் பார்டர்’ என்று போனால் ஒரு நொடியில் கரை கிடைக்கும். ஆனால் அது படத்தைச் சுற்றி வெளிப்பக்கம் வளர்வது. 1200க்கு 1800 பிக்சல் படத்துக்கு 60 பிக்சல் கரை போட்டால் கோப்பு 1320க்கு 1920 ஆகிவிடும். அந்த விகிதம் 4ஆர் எனும் 4க்கு 6 அங்குலத் தாளுக்குச் சரியாகப் பொருந்தாது, கடை இயந்திரம் கரையைத்தான் வெட்டும். அதோடு, மென்பொருள் தானாகவே வைத்திருக்கும் 12 பிக்சல் அளவு, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அடர்த்தியில் வெறும் 1 மில்லிமீட்டர். திரையில் பளிச்சென்று தெரிந்தாலும் தாளில் பென்சில் கோடுதான்.

அளவுகள் இவை. எல்லாம் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கு. 4ஆர் என்பது 4க்கு 6 அங்குலம், 1200க்கு 1800 பிக்சல். 5ஆர் 1500க்கு 2100. 8ஆர் 8க்கு 10 அங்குலம், 2400க்கு 3000. ஏ4 தாள் 2480க்கு 3508. மில்லிமீட்டருக்கு 12 பிக்சல் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் பெருக்கல்தான்.

இங்கே சொல்லும் வழி கிம்ப் மென்பொருளுக்கு உரியது. காசு இல்லை, பழைய கணினியிலும் ஓடும். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் படக்கடைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் இதற்கு மேல் தேவைப்படுவதில்லை. வருகிற வேலையும் பெரும்பாலும் மூன்று வகைதான்: நினைவுப்படம், திருவிழாப் படம், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய படம்.

நினைவுப்படம், 8ஆர்

‘ஃபைல்’, ‘நியூ’ போய் 2400க்கு 3000 கொடுங்கள். ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் அடர்த்தி 300 என்று இருக்கிறதா பாருங்கள். பின்னணிக்கு வெண்சந்தன நிறம்: சிவப்பு 244, பச்சை 236, நீலம் 218. சுத்த வெள்ளை வேண்டாம். மரச்சட்டத்துக்குள் கண்ணாடி போட்டதும் அது நீலம் பூத்த மாதிரி தெரியும். மேலேயும் பக்கத்திலும் இருக்கும் அளவுகோலிலிருந்து சுட்டியால் இழுத்து நாலு வழிகாட்டிக் கோடு போடுங்கள்: நெட்டாக 108இலும் 2292இலும், கிடையாக 108இலும் 2892இலும். இதற்கு வெளியே பின்னணி நிறத்தைத் தவிர எதுவும் போகக்கூடாது. சட்டம் மூடினாலும் இயந்திரம் வெட்டினாலும் அந்த 9 மில்லிமீட்டரோடு போகட்டும்.

படத்தை ‘ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்’ மூலம் கொண்டு வாருங்கள். நகலெடுத்து ஒட்டினால் 2.10 பதிப்பில் அது தனி லேயராக (படத்தின் தனி அடுக்காக) நிற்காமல் மிதந்துகொண்டிருக்கும், அடுத்துச் செய்வது எதுவும் பிடிக்காது. அடுத்து நீள்வட்டத் தேர்வுக் கருவி. கையால் இழுக்காமல் கருவியின் பெட்டியில் எண்களாகவே அடியுங்கள்: இடம் 450, 375, அளவு 1500, 1950. விளிம்பை வழவழப்பாக்கும் ‘ஆண்டி-ஏலியாசிங்’ குறி இருக்கட்டும். கீழே வேண்டுமென்றே கூடுதல் இடம் விட்டிருக்கிறது, பெயரும் தேதியும் அங்கே வரும். படத்தின் லேயரைத் தொட்டு, ‘லேயர்’, ‘மாஸ்க்’, ‘ஆட் லேயர் மாஸ்க்’, ‘செலக்‌ஷன்’ கொடுத்தால் நீள்வட்டத்துக்கு வெளியே உள்ளது மறைந்துவிடும். வெட்டி எறிவதைவிட இது நல்லது. மாஸ்க்கை நீக்கினால் முழுப் படமும் திரும்ப வரும். ஆனால் லேயரை நகர்த்தினால் மாஸ்க்கும் கூடவே நகரும், அதனால் முகத்தை முதலிலேயே இடத்தில் நிறுத்திவிட்டு மாஸ்க் போடுங்கள். கண்கள் நீள்வட்டத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நின்றால் பார்ப்பவரை நேராகப் பார்ப்பது போலிருக்கும். நடுவில் நின்றால் ஆள் கீழே சரிந்த மாதிரி தெரியும்.

இனி தங்க வளையம். வேலையின் சாரமே இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். மஞ்சளை எடுத்துப் பூசினால் தங்கம் வராது, கடுகு நிறம்தான் வரும். உலோகம் என்று கண் நம்புவது நிறத்தைப் பார்த்து அல்ல, வெளிச்சமும் நிழலும் மாறிமாறி விழுவதைப் பார்த்து. முன்நிறமாக 246, 231, 166 வையுங்கள், பின்நிறமாக 138, 100, 20. புதிய ஒளிபுகு லேயர் ஒன்றைப் படத்துக்கு மேலே திறந்து, நீள்வட்டத் தேர்வு இடம் 414, 339. அளவு 1572, 2022. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரியவைக்கும் கிரேடியன்ட் கருவியால் மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலைக்கு இழுத்து என்டர் தட்டுங்கள். என்டர் தட்டாவிட்டால் கருவி இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கும். அதே லேயரில் அடுத்த தேர்வு: இடம் 436, 361, அளவு 1528, 1978. இப்போது கிரேடியன்ட்டைத் தலைகீழாக, கீழ் வலமூலையிலிருந்து மேல் இடமூலைக்கு இழுங்கள். கடைசியாகப் பழைய தேர்வை (இடம் 450, 375, அளவு 1500, 1950) போட்டு டிலீட். வெளியே 22 பிக்சல் ஒரு சரிவு, உள்ளே 14 பிக்சல் எதிர்ச் சரிவு. கடைந்த மரச்சட்டத்தில் வெளிவிளிம்பு வெளிச்சம் வாங்கும் இடத்தில் உள்விளிம்பு இருட்டாக இருக்கும் அல்லவா, அதே கணக்குதான்.

வளையங்களைத் தனித்தனி லேயரில் துளைத்து அடுக்காதீர்கள். இரண்டு வளையமும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு மயிரிழை தெரியும். மேலே சொன்ன மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக் கடைசியில் ஒரே தடவை துளைத்தால் அது வராது. ‘செலக்ட்’ பட்டியலில் உள்ள ‘பார்டர்’ கட்டளையையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது கோட்டின் இரண்டு பக்கமும் பரவும், 20 கேட்டால் 40 பிக்சல் அகலம் வரும்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து என்பதை முகத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். முகத்தில் வலக்கன்னம் வெளிச்சமாக இருக்க, வளையத்தில் இடப்பக்கம் மினுங்கினால் என்ன கோளாறு என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனாலும் படம் ஒட்டவைத்த மாதிரி இருக்கும்.

வளையத்துக்கு நிழல்: முதலில் லேயரை ஒரு நகல் எடுத்து மறைத்து வையுங்கள். 2.10 பதிப்பில் நிழல் அந்த லேயரோடே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க வழியில்லை. 3.0 பதிப்பில் பின்னால் திருத்தலாம். ‘லைட் அண்ட் ஷேடோ’, ‘டிராப் ஷேடோ’ போய் குறுக்கே 10, கீழே 12, மங்கல் 18, அடர்த்தி 0.45 அளவில் கொடுங்கள். நிழல் படத்தின் மேலும் விழ வேண்டும், பின்னணியின் மேலும் விழ வேண்டும். அப்போதுதான் வளையம் மேலே நிற்கும். 0.7க்கு மேல் போனால் முகத்தில் கரி பூசிய மாதிரி ஆகிவிடும்.

டிலீட் அழுத்தியதும் துளை விழாமல் பின்நிறம் வந்து நிறைந்தால், அந்த லேயருக்கு ஒளிபுகும் தன்மை இல்லை என்று பொருள். ‘லேயர்’, ‘டிரான்ஸ்பரன்சி’, ‘ஆட் ஆல்ஃபா சேனல்’ கொடுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். தூரிகை எங்கே தேய்த்தாலும் எழுதவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பழைய தேர்வு ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போய்விடும். புதிதாகப் பழகுபவர்கள் அரைநாளைத் தொலைப்பது இந்த இரண்டில்தான்.

வந்த படம் சிறியதாக இருந்தால்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலாகச் சுருங்கி வரும். 8ஆர் தாளுக்கு வேண்டியது 3000. ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள், அசல் அப்படியே வரும். சில வீடுகளில் தாத்தாவுக்கோ ஆயாவுக்கோ ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள படத்தைத் தவிர வேறு இருக்காது. அதை 1200 அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள். ஆனால் 1500க்கு 1950 நீள்வட்டத்துக்கு அதை இழுக்காதீர்கள், முகம் மாவாகக் கரைந்துவிடும். நீள்வட்டத்தை 900க்கு 1170 ஆகக் குறைத்துச் சுற்றிலும் பின்னணியை அகலமாக விடுங்கள். சிறிய தெளிவான முகத்துக்கு அகலமான வெற்றிடம் ஒரு மரியாதையைக் கொடுக்கும். ஸ்கேன் கோப்பில் அடையாள எண்ணும் சேர்ந்து வந்திருந்தால் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு முழுக் கோப்பை அழித்துவிடுங்கள்.

பெயரெழுத்தில் இன்னொரு பொறி. ஐசியில் ரோமன் எழுத்தில் இருப்பதைப் பார்த்து நீங்களே தமிழாக்கிவிடக் கூடாது. அங்கே லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்துதான், னகர ணகரத்துக்கும் அப்படியே. குறில் நெடிலும் தெரியாது. வீட்டாரிடம் தமிழில் எழுதி வாங்குங்கள், அல்லது தட்டச்சு செய்ததைத் திரையில் பெரிதாகக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ‘த/பெ’ சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெயருக்கு 150 பிக்சல் உயரம், ‘தோற்றம்’, ‘மறைவு’ தேதிகளுக்கு 80 போதும். இரண்டு வரிக்கும் இடையே தாராளமாக இடம் விடுங்கள். மேல்வரியின் ‘கு’, ‘ழு’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘தி’, ‘கீ’ மேலே ஏறும்.

கிம்ப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகச் சேர்ந்து வரும். லதா, நிர்மலா, மேக் கணினியில் இணைமதி எதுவும் சரி. இணைமதியை வடிவமைத்த முத்து நெடுமாறன் மலேசியர்தான். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் ‘கொ’ எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான ‘வேர்ல்ட்-ரெடி’ முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பழைய பாமினி எழுத்துருவில் செய்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ரோமன் எழுத்துக் குப்பையாகத் திறக்கும். அதைத் திருத்திக்கொண்டிருப்பதைவிடப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடுவது வேகம்.

மாலை படம் போடலாமா? வீட்டார் சட்டத்தின் மேல் சந்தனமாலை போடப்போகிறார்கள் என்றால் உள்ளே இன்னொரு மாலை எதற்கு? கட்டாயம் வேண்டுமென்றால் இணையத்திலிருந்து எடுத்ததை ஒட்டாதீர்கள். ஒளிபுகும் படம் என்று பேர் போட்டிருக்கும், திறந்தால் சாம்பலும் வெள்ளையுமான சதுரக்கட்டம் படத்திலேயே பதிந்திருக்கும். அளவும் 600 பிக்சல்தான் இருக்கும். பூக்கடையில் ஒரு மாலை வாங்கி நீலத் துணியில் கிடத்தி நிழலில் படமெடுங்கள். செவ்வந்தி, மல்லி, துளசி எதிலும் நீலம் கிடையாது என்பதுதான் காரணம். நிறத்தால் தேர்ந்தெடுக்கும் கருவியால் நீலத்தைப் பிடித்து, தேர்வைத் தலைகீழாக்கி, 2 பிக்சல் சுருக்கி, மறுபடி தலைகீழாக்கி டிலீட் அழுத்துங்கள். அந்த 2 பிக்சல் சுருக்காவிட்டால் பூவைச் சுற்றி நீலக்கோடு ஓடும்.

திருவிழாப் படம், 4ஆர்

இதில் பலரும் செய்யும் பிழை நாலு பக்கமும் ஒரே அகலக் கரை. கைப்பேசிப் படம் பெரும்பாலும் 3க்கு 4, 4ஆர் தாள் 2க்கு 3. தாளே படத்தைவிட ஒடுக்கம். அதில் சமமான கரை போட்டால் உள்ளே மிஞ்சும் சன்னல் இன்னும் ஒடுங்கும், குழுப்படத்தில் இரண்டு ஓரத்தில் நிற்பவர்களும் போய்விடுவார்கள். கணக்கை மாற்றிப் போடுங்கள். நெட்டுப் படத்தில் பக்கத்துக்கு 60 பிக்சல் விட்டால் மீதி 1080. 3க்கு 4 என்றால் உயரம் 1440. ஒரு முடிகூட வெட்டுப்படாது. தாளில் மிஞ்சுவது 360. மேலே 140, கீழே 220 என்று பிரித்தால் மேலே தோரணம், கீழே கோயில் பெயரும் ஆண்டும்.

கிடைப் படத்தில் இது இன்னும் அழகாக அமையும். மேலும் கீழும் 60 விட்டால் சன்னல் 1440க்கு 1080, இரண்டு பக்கமும் 180 அகலத் தூண்கள் மிஞ்சும். கோயில் வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டுகிற இடம் அது. குலையோடு நிற்கும் வாழையைப் படமெடுத்துப் பின்னணி நீக்கி ஒன்றை நேராகவும் மற்றதைக் கிடைவாட்டில் திருப்பியும் வைத்தால் வேறு அலங்காரமே வேண்டாம்.

தோரணத்துக்கு இலையை ஸ்கேன் செய்துவிடுங்கள், 300 அடர்த்தி போதும். மாவிலை ஒடுங்கியது, 40 பிக்சலுக்கு ஒன்று என்றால் 1080இல் 27 இலை. பழைய தோட்டப் பள்ளி மாணவர் ஒன்றுகூடல் மாதிரியான நிகழ்ச்சிக்கு ரப்பர் இலை பொருத்தம். மூன்று இலைகள் ஒரே காம்பில் விரிந்து ஏறக்குறையச் சதுரமாக இருக்கும், 120 பிக்சலுக்கு ஒன்று, 9 வரும். ஒன்று கவனம்: பறித்த உடனே ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் காம்பிலிருந்து பால் வடிந்து அப்பிக்கொள்ளும், காய்ந்தால் நகத்தால்தான் சுரண்ட வேண்டும். காம்பைத் துணியால் ஒற்றி, இலைக்கு அடியில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் விரித்து வையுங்கள்.

ஒரே இலையை 9 தடவை ஒட்டினால் ரப்பர் முத்திரை குத்திய மாதிரி இருக்கும். 360க்கு 120 அளவில் புதிய கோப்பு திறந்து மூன்று இலைகளை வைத்து, ஒன்றை 5 பாகை இடப்பக்கம் சாய்த்து, ஒன்றைத் திருப்பிப் போடுங்கள். ‘ஃபில்டர்ஸ்’, ‘மேப்’, ‘டைல்’ போய், அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலியைக் கழற்றி அகலம் 1080, உயரம் 120 கொடுத்தால் மூன்று முறை அடுக்கிவிடும். அதை ஃபிரேம் கோப்பில் தனி லேயராக, குறுக்கே 60, மேலிருந்து 60 இடத்தில் நிறுத்துங்கள். சன்னல் 140இல் தொடங்குகிறது, இலை நுனி 180 வரை இறங்கும். அந்த 40 பிக்சல் படத்தின் மேல் தொங்குவதுதான் கண்ணை ஏமாற்றும். இலைக்கு இலேசாக நிழலும் கொடுத்துவிட்டால் தோரணம் முன்னாலும் ஆட்கள் பின்னாலும் நிற்பார்கள்.

கீழ்ப்பட்டையில் எழுத்தை 1580க்கும் 1740க்கும் நடுவில் வையுங்கள். 40 பிக்சலுக்குக் குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளி மையோடு மையாக அடைந்துவிடும். பின்னணி லேயரில் இடம் 60, 140. அளவு 1080, 1440 செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து டிலீட் அழுத்தினால் சன்னல் திறக்கும். அடியில் படத்தை வைத்து, மேலே ஃபிரேம் லேயர்களைப் பூட்டிவிட்டால் தீமிதி அன்று எடுத்த நூறு படத்துக்கும் ஒரே அச்சு. வெறும் ஃபிரேமை யாருக்காவது கொடுப்பதென்றால் பிஎன்ஜி கோப்பாகக் கொடுங்கள். ஜேபெக் ஆக்கினால் சன்னல் அடைபட்டு நிறம் நிறைந்துவிடும்.

பழைய படம்

1950, 60களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளை ஓரம் விட்டு, விளிம்பைப் பல்பல்லாக வெட்டியிருப்பார்கள். அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஃபிரேம் போடுவது பாவம், அந்தக் காலத்து ஃபிரேமே அதுதான். விளிம்பு முழுக்கத் தெரியும்படி கறுப்புத் தாளை மேலே வைத்து 600 அடர்த்தியில் ஸ்கேன் செய்து, கறுப்பை நீக்கி, வெண்சந்தனப் பின்னணியில் இலேசான நிழலோடு கிடத்துங்கள். மூன்றரைக்கு 5 அங்குலப் படம் இந்த அடர்த்தியில் 2100க்கு 3000 வரும். உயரத்தை 2400 பிக்சலுக்குக் குறைத்தால் 8ஆர் தாளில் நாலு பக்கமும் 300க்குக் குறையாமல் ஓரம் மிஞ்சும்.

ஓரம் கறைபட்டுக் கிழிந்திருந்தால் ‘டெக்கோர்’ பட்டியலில் ‘ஃபஸ்ஸி பார்டர்’ கைகொடுக்கும். கரை உள்ளே நோக்கிப் பரவுவதால் அளவு மாறாது. கொடுத்திருக்கும் 16ஐ 150 ஆக்குங்கள். ‘ஒர்க் ஆன் காப்பி’ குறி இருந்தால் விளைவு வேறு சன்னலில் திறக்கும், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி தட்டவேண்டாம். அதே பட்டியலில் உள்ள ‘ஓல்ட் போட்டோ’ புதிய படத்தைப் பழசாகக் காட்டுவதற்கு. உண்மையிலேயே பழசான படத்துக்கு அது எதற்கு?

ஃபோட்டோஷாப்பில் செய்பவர்களுக்கு ஒரே குறிப்பு: ‘ஸ்ட்ரோக்’ போடும்போது இடத்தை ‘இன்சைட்’ ஆக்குங்கள். ‘அவுட்சைட்’ என்றால் மூலை உருண்டுவிடும், லேயர் தாளின் ஓரம் வரை இருந்தால் கோடே தெரியாது.

கடைக்கு அனுப்பும்போது

லேயர்கள் கலையாமல் இருக்கும் கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ‘எக்ஸ்போர்ட்’ செய்யும் ஜேபெக்கில் தரம் 95, ‘சப்சாம்பிளிங்’ 4:4:4. இது குறைவாக இருந்தால் குங்குமச் சிவப்பும் தங்கமும் சந்திக்கும் கோடு கசிந்த மாதிரி வரும். கறுஞ்சிவப்பு தாளில் திரையைவிட இருண்டு விழும், அதனால் முதலில் ஒரு 4ஆர் அடித்துப் பார்த்துவிட்டு 8ஆர் கொடுங்கள். மினுமினுப்பில்லாத மேட் தாளாகக் கேளுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பளபளப்புத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டம் போடுபவரிடம் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டைக்கரை வைக்கச் சொன்னால் இன்னும் பாதுகாப்பு. அந்த அட்டை எத்தனை மில்லிமீட்டர் மூடும் என்று கேட்டு அதற்கேற்ப வழிகாட்டிக் கோட்டை உள்ளே தள்ளிவிடுங்கள்.

கடையில் சொல்ல வேண்டியவை இரண்டு. அளவு சரியாக இருக்கிறது, வெட்டவேண்டாம். தானியங்கி நிறத்திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் அகலமான வெண்சந்தனப் பின்னணியை இயந்திரம் மஞ்சள் ஏறிய வெள்ளை என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டும், தாத்தா முகம் சாம்பல் பூசியபடி வந்து நிற்கும்.